பாம்பரின் ஆடும் பாம்பு

லண்டனில் நான் நம்பாத ஆட்கள் நிறையப் பேர். பாம்பர் அளவுக்கு ஒருவரையும் நம்பாமல் இருந்ததில்லை.

2009. ரெய்னர்ஸ் லேனில் ஒரே வீடு. கீழறை எனக்கு, மேலறை அவருக்கு. ஜேர்மனியில் இருந்து வந்தவர். பேக்கரியில் வேலை. அறையில் ஆறு பெட்டி, ஆறு மலைப்பாம்பு. குட்டி எடுத்து விற்பார். அதனால்தான் பாம்பர். சொந்தப் பெயர் கடிதத்தில் மட்டும் வரும்.

முதல் நாளே பிரீசரைத் திறந்தேன். என் மீனுக்குப் பக்கத்தில் ஒரு பொதி.

“அண்ணை, இது என்ன?”

“எலி.”

“என்ர மீனுக்குப் பக்கத்திலையோ?”

“கடையில வாங்கின எலி, தம்பி. உம்மட மீனைவிடச் சுத்தம்.”

வெள்ளிக்கிழமை மட்டும் எலி கொடுக்க மாட்டார். அன்றைக்கு வீட்டில் மச்சம் மாமிசம் கூடாதாம்.

“பாம்புக்குமோ?”

“சைவ வீட்டுப் பாம்பெல்லே.”

சனிக்கிழமை எலி விழுங்கும் சைவம். எனக்குச் சந்தேகம் கூடியது.

பிறகு ஏழாவது பாம்பாக வலையன் வந்தான். முதுகில் சிலந்தி வலை போலக் கோடு. நல்ல வடிவு. ஆனால் தலை நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். எலியைக் கொத்தினால் குறி தப்பிப் பெட்டியில் படும்.

“ஏன் ஆடுது?”

“சந்தோஷம்” என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பக்கத்து வீட்டுப் புஷ்பா அக்கா ஒருநாள் கண்டுவிட்டா. “ஐயோ, சாமி! உரு வந்து ஆடுது!” அடுத்த நாள் பாலும் மஞ்சளும் வந்தன. பாம்பர் மறுக்கவில்லை. அக்கா போனதும் அந்தப் பாலில் தேத்தண்ணி போட்டுக் குடித்தார். கள்ளன் என்று முடிவு கட்டினேன்.

குரோய்டனில் இருந்து ஒருவர் வலையனை வாங்க வந்தார். குட்டி எடுக்கத்தான். அந்தக் கோட்டுக்கு அவ்வளவு கிராக்கி. ஏமாற்றி விற்றால் கையோடு பிடிப்போம் என்று கதவடியில் நின்றேன். பின்னால் அக்கா, பாலோடு.

“தலை ஏன் ஆடுது, அண்ணை?” வந்தவர் கேட்டார்.

“வருத்தம். பிறவி நோய்.”

“கொஞ்சம்தானே. ஆர் பாக்கினம்?”

“கோடு வந்தா ஆட்டமும் வரும். முந்தி இதுமாதிரிக் குட்டி எடுத்தனான். ஒண்டு இரை பிடிக்க ஏலாமல் மல்லாந்து கிடந்தது. வடிவெண்டு சொல்லி வித்தனான்.” பெட்டியை மூடினார். “இவனைத் தரமாட்டன். சோடி சேர்க்கவும் மாட்டன்.”

“நீங்கள் விட்டா வேற ஆள் செய்வான்.”

“செய்யட்டும். என்ர கையால வேண்டாம்.”

வந்தவர் வெறுங்கையோடு இறங்கினார். அக்கா உள்ளே போனா.

“அப்ப உரு இல்லையோ?”

“இல்லை, அக்கா. நோயாளி.”

“ரெண்டு மாதமாப் பால் கொண்டந்தனே! முதலே சொல்ல வாய் இல்லையோ?”

“தேத்தண்ணி நல்லா இருந்தது, அக்கா.”

பாம்பர் கனடா போகும்போது மற்றப் பாம்புகளை ஆட்களுக்குக் கொடுத்தார். வலையனை என்னிடம் விட்டார். வேறு ஆளை நம்ப ஏலாதாம்.

எலியை இடுக்கியில் பிடித்து, அவன் வாயில் படும்வரை காத்திருப்பேன். சில நாள் அரை மணித்தியாலம் போகும்.

வெள்ளிக்கிழமை மட்டும் நானும் கொடுப்பதில்லை.