உட்கார்ந்தால் ஓடும் பேய்

நெஞ்சில் ஏறிய பேயை ஐந்தே நிமிடத்தில் இறக்கும் மகான் வந்திருக்கிறார் என்றதும் ஊரே திரண்டுவிட்டது. வரிசை மண்டபத்தைத் தாண்டி முக்கு மருந்துக்கடை வரை நின்றது. கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

வரிசையில் பம்பு மெக்கானிக், அவர் மனைவி, அவளுடைய மாமியார். மெக்கானிக்குக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு வாரம். அதன்பிறகு கால் வீங்கியது, நாலு படி ஏறினால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் மனைவி. "பேய் ஊசிக்கு அடங்குமா?" என்று மாமியார் வாயை அடைத்துவிட்டார்.

மகான் அவரைப் பலகையில் மல்லாக்கப் படுக்க வைத்தார். மூச்சு முட்டி விழி பிதுங்கியது. "பாத்தீங்களா, பேய் ஏறி உக்காந்துடுச்சு!" உடனே மந்திரத்தை முழங்கி, முதுகில் கைகொடுத்து உட்கார வைத்தார். மூச்சு இறங்கியது. கூட்டம் கைகூப்பியது.

"நாப்பது நாள் வரணும். அதுவரைக்கும் மாத்திரை, ஊசி எதுவும் கூடாது. பேய் கோவிச்சுக்கும்."

பேய்க்குத்தான் எவ்வளவு ரோஷம்! காணிக்கைப் பெட்டி நகர்ந்து வந்தது.

மனைவி கணவரைப் பார்த்தாள். நாற்பது நாள் இந்த மனிதர் தாங்குவாரா? ஒரு வாரமாக முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்துச் சாய்ந்தபடிதான் தூங்குகிறார். பேய் தலையணைக்குமா பயப்படும்?

"சாமி, ஒரு சந்தேகம். அவரு படுத்திருக்கும்போது மந்திரம் சொல்லுங்க. உக்காரும்போது சும்மா இருங்க. அரை நிமிஷம் போதும்."

"பேயோட வெளையாடாதம்மா!"

"வெளையாட்டு இல்ல சாமி. என் புருஷன் உயிரு."

கூட்டத்துக்கு வேடிக்கை கசக்குமா? "சொல்லுங்க சாமி!" என்றது. மகான் அவரை மறுபடி படுக்க வைத்துத் தொண்டை கிழியக் கத்தினார். படுத்தவருக்கு மூச்சு முட்டியதுதான் மிச்சம். மனைவி சட்டென்று அவரைத் தாங்கி உட்கார வைத்தாள். மகான் வாய் திறக்கவில்லை. ஆனாலும் மூச்சு இறங்கியது.

"அப்ப மந்திரம் எதுக்கு?" என்று கேட்டவர் மாமியாரேதான். மகானுக்குத் திடீரென்று பூஜைக்கு நேரமாகிவிட்டது. பின்வாசல் வழியாகப் போனார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "காய்ச்சல் கிருமியால இதயத் தசையே வீங்கிப்போயிருக்கு. பாதி பலத்துலதான் ரத்தத்தத் தள்ளுது. அதனால பின்னாடி தேங்கி, நுரையீரல்லயும் கால்லயும் நீர் கோத்திருக்கு. படுத்தா நுரையீரல்ல இன்னும் ஏறும், அதான் முட்டுது. நாப்பது நாள் விட்டிருந்தா ஆளே இருந்திருக்க மாட்டாரு."

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "பம்பு தள்ளலேன்னா தண்ணி தேங்கும்னு ஊருக்கெல்லாம் நான்தானே சொல்றேன்!"

மகான் இப்போது அடுத்த ஊரில். வரிசை இன்னும் நீளமாம். பம்பு நின்றால் மெக்கானிக்கைத் தேடுகிற புத்திசாலிகளே, இதயம் தளர்ந்தால் மட்டும் ஏன் மந்திரவாதி? வரிசையில் சும்மாதானே நிற்கிறீர்கள், கொஞ்சம் யோசியுங்கள். அதற்குக் காணிக்கை கிடையாது.