கிளி விரட்டிய ஐந்து டிவிகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சுருளிப்பட்டியில், பாண்டியின் திராட்சைத் தோட்டத்துக் கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: போடியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் செல்வின் அண்ணன். உத்தமபாளையத்தில் ஜெராக்ஸ் கடை நடத்தும் ஜெயந்தி அக்கா. தோட்டத்துச் சொந்தக்காரன் பாண்டி. பெங்களூரிலிருந்து வந்த நிவேதா மேடம். கம்பத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிப் பிழைக்கும் சுருளிவேலாகிய நான். இவர்கள் போக பாண்டி வளர்க்கும் கோம்பை நாய் ஒன்று, பெட்டி டிவிகள் ஐந்து. இத்தனை பேரில் அன்று புத்தியோடு நடந்துகொண்டது யார் என்று கேட்டால் நாயைத்தான் சொல்வேன். அது தூங்கிக்கொண்டிருந்தது.

(ஆள் கணக்கை இப்படிக் கறாராகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இன்றைக்கு இந்தக் கதையைச் சொல்கிற ஒவ்வொருவரும் தானும் அங்கே நின்றதாகச் சொல்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் அந்தக் கொட்டகையில் இருநூறு பேர் இருந்திருக்க வேண்டும்.)

நான் பயந்தாங்கொள்ளி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் குடும்பக் கஷ்டம் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மை என்னவென்றால், ஒன்பதாவதில் கணக்கு வாத்தியார் ரொம்ப மோசம் என்று யாரோ சொன்னார்கள். அவர் முகத்தை நான் பார்த்ததுகூட இல்லை. அப்படிப்பட்டவனுக்கு ஆறுதலாகக் கிடைத்தவைதான் பழைய டிவி கேம்கள். கேசட்டைச் சொருகி, பட்டனை அழுத்தி ஆடும் அந்தக் காலத்துச் சாமான்கள். அதில் செத்தால் மறுபடி உயிர் வரும். உலகத்தில் வேறெந்த இடத்தில் இந்த வசதி இருக்கிறது?

எங்களுக்குப் பிடித்தது ஒரு படகுக்காரன் கேம். சுடுவதில்லை, குதிப்பதில்லை. ஒரு ஏரி, அதன்மேல் மூடுபனி, ஒரு படகு. துறையில் யாராவது நிற்பார்கள். ஏற்றிக்கொண்டு அக்கரையில் விட வேண்டும். போகிற வழியில் அவர்கள் தங்கள் கதையைச் சொல்வார்கள். அவ்வளவுதான். மலையிலிருந்து சாரல் இறங்குகிற மதியங்களில், கொட்டகையின் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருக்க, டிவியின் நீல வெளிச்சத்தில் நாங்கள் நாலு பேரும் அந்த ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். ஒரு கட்டத்தில் மழை கொட்டகைக்கு வெளியே பெய்கிறதா, டிவிக்குள் பெய்கிறதா என்று தெரியாது. திராட்சைப் பந்தலிலிருந்து சொட்டும் தண்ணீர்கூடத் துடுப்புப் போடுவதுபோலக் கேட்கும்.

ஆனால் படகில் ஏறியவர்கள் எல்லாம் இங்கிலீஷில் கதை சொன்னார்கள். ஜெயந்தி அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "இம்புட்டு சோகத்தை இங்கிலீஷ்ல சொன்னா எனக்கு எப்பிடிய்யா அழுக வரும்?" என்றார். இரண்டு வருடம் உட்கார்ந்து மொத்தத்தையும் தமிழாக்கினார். அந்தக் காலத்து மிஷினில் ஒரு எழுத்துக்கு எட்டுக்கு எட்டுக் கட்டம்தான் இடம். கட்டம்போட்ட நோட்டில் பென்சிலால் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக நிரப்பினார். 'ஞ' அடங்கவே இல்லை. மூன்று மாதம் 'ஞ' வராத சொற்களாகத் தேடிப்பிடித்து எழுதியவர், கடைசியில் ஒரு எழுத்துக்கு இரண்டு கட்டம் கொடுத்துச் சமாதானமானார். நான் பழைய கேசட்டிலிருந்த சிப்பைப் பெயர்த்தெடுத்து, தமிழ் ஏற்றிய சிப்பை வைத்துப் பற்றவைத்தேன். இந்தியாவிலேயே ஒரே கேசட். அதைப் படமெடுத்து இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கிப் போட்டோம். தொடர்புக்கு யார் பெயர் கொடுப்பது என்று சீட்டுக் குலுக்கினோம். என் பெயர் வந்தது. (என் ராசி அப்படி.)

இதில் ஒரு சிக்கல். அந்த கேமைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. அதை இன்னொரு கம்பெனி வாங்கியது. அதை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. வீட்டை வாங்கியவர்கள் பரணில் என்ன கிடக்கிறது என்று ஏறிப் பார்க்காத மாதிரி, படகுக்காரன் தங்களுக்குச் சொந்தம் என்பதே அவர்களுக்கு நினைவில்லை. விற்கவும் மாட்டார்கள், செய்யவும் மாட்டார்கள். ஆனால் யாராவது ஆசையோடு தொட்டால் மட்டும் வக்கீல் நோட்டீஸ் வந்துவிடும். எங்களைப் போன்ற வேறொரு கூட்டம் அப்படித்தான் ஒரே நாளில் பக்கத்தை மூடிவிட்டுக் காணாமல் போனது.

அந்தக் கம்பெனியிலிருந்து எனக்கு மெயில் வந்தது. என் மகள் படித்துச் சொன்னாள்: "தமிழ் வடிவம் பற்றிப் பேச எங்கள் பிரதிநிதி ஞாயிறு மதியம் நேரில் வருகிறார். உங்களிடம் உள்ள பிரதிகள் அனைத்தையும் அவரிடம் காட்டவும்."

'பேச' என்பது என் காதில் ஏறவில்லை. 'அனைத்தையும்' என்பது மட்டும் ஏறியது. ஜப்தி என்று முடிவு செய்தேன். அன்று சாப்பிடும்போதே, மதுரை ஜெயிலில் சாம்பார் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். மற்ற மூவரிடமும் சொல்லவில்லை. மாட்டினால் நான் ஒருவன் மாட்டினால் போதும் என்கிற தியாகம். (தியாகம் என்று இப்போது சொல்கிறேன். அப்போது வாய் வரவில்லை.) சனிக்கிழமை காலையில் ஜெயந்தி அக்கா கடைக்குப் போய், அவர் லேமினேஷன் போடுகிற நேரத்தில் கம்ப்யூட்டரிலிருந்த தமிழ் வேலை முழுவதையும் அழித்தேன். அதன் நகல் இருந்த பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, பாலத்தில் நின்று முல்லைப் பெரியாற்றில் விட்டேன். தண்ணீர் அமைதியாக வாங்கிக்கொண்டது. மிச்சம் கேசட் ஒன்றுதான். அதை அழிக்க மனம் வரவில்லை.

ஞாயிறு மதியம். சாரல். டிவியில் படகு போய்க்கொண்டிருந்தது. பாண்டி பாதிக் கண்ணை மூடிக் கிடந்தான். அப்போது மண்பாதையில் கார் சத்தம். நான் எழுந்தேன். ஓடுகிற மிஷினிலிருந்து கேசட்டைப் பிடுங்கினேன், மெயின் சுவிட்சை அணைத்தேன், வெளியே ஓடி, குமுளி லோடுக்காக வாசலில் அடுக்கியிருந்த திராட்சைப் பெட்டிகளில் ஒன்றைத் திறந்து, குலைகளுக்கு அடியில் கேசட்டைச் சொருகிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மொத்தம் அரை நிமிடம். என் வாழ்நாளில் அவ்வளவு சுறுசுறுப்பாக நான் இருந்ததே இல்லை.

"என்னலே ஆச்சு உனக்கு?" என்றார் செல்வின் அண்ணன்.

பதில் சொல்வதற்குள் காரில் வந்தவர் உள்ளே வந்துவிட்டார். முப்பது வயதுப் பெண். தலையில் சாரல் துளிகள். "வணக்கம், நான் நிவேதா. இங்கதானே படகு கேம்…"

"இது திராட்சை விவசாயிகள் சங்கம் மேடம்" என்றேன்.

அவர் ஐந்து டிவிகளையும் வரிசையாகப் பார்த்தார். "இத்தனை டிவி எதுக்கு?"

"கிளி விரட்ட."

பாண்டி என் முகத்தைப் பார்த்தான். என்னவென்று அவனுக்குப் புரியவில்லை, ஆனாலும் நட்பு பெரிது. "ஆமா மேடம். கிளிக இங்கன ரொம்பத் தொந்தரவு. வவ்வாலும் ஓடிப்போகும்."

"அப்படியா? என்ன போடுவீங்க டிவியில?"

"நியூஸ்" என்றேன். "நாலு பேரு உக்காந்து கத்துவாகல்ல, அது. ஒரு கிளி அண்டாது."

அவர் சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் நடந்து போனார். அங்கே ஜெயந்தி அக்கா வரைந்த ஏரியின் படம் ஒட்டியிருந்தது, துறைகளின் பெயரெல்லாம் தமிழில். (அதைக் கிழிக்க மறந்துவிட்டேன்.) ஒரு இடத்தில் விரலை வைத்து, "இது மூணாவது துறை. பனியில இடது பக்கம் திரும்பினா ஒரு விளக்கு தெரியும்" என்றார். குரல் மாறியிருந்தது. "ஆறாவது படிக்கும்போது எனக்கு அம்மை போட்டிருந்தது. தனி ரூம்ல இருபது நாள். யாரும் உள்ள வரமாட்டாங்க. நான் இந்த ஏரியிலதான் இருந்தேன்."

பாண்டி ஒரு ஸ்டூலை இழுத்து அவர் பக்கம் வைத்தான்.

பிறகு அவர் சொன்னது இது: கம்பெனி அந்த கேமை மறுபடி வெளியிடப் போகிறது. எந்தெந்த மொழியில் என்கிற பட்டியல் மறுநாள் காலையில் முடிகிறது. தமிழைச் சேர்க்கச் சொல்லிச் சண்டை போட்டவர் இவர்தான். தமிழ் உண்மையில் மிஷினில் ஓடுவதை வீடியோ எடுத்து அன்றைக்கே அனுப்பினால் சேரும். "இல்லேன்னா பழைய கதைதான். லீகல் ஆளுங்க உங்களுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புவாங்க. பேசத்தான் வர்றேன்னு மெயில் அனுப்பியிருந்தேனே?"

மூன்று தலைகள் என் பக்கம் திரும்பின. நாயும் ஒரு கண்ணைத் திறந்தது.

"சுருளி," என்றார் ஜெயந்தி அக்கா, மிக மெதுவாக. "கேசட்டை எடு."

நான் வாசலைப் பார்த்தேன். பெட்டிகள் இருந்த இடத்தில் ஈரத்தரையில் சதுரமாகக் காய்ந்த இடம் மட்டும் இருந்தது. நாங்கள் கிளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதே, மழைச் சத்தத்தில் யார் காதிலும் விழாமல், குமுளிக்குப் போகிற மினிலாரி லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

"திராச்சைப் பொட்டியில வச்சேன் அக்கா."

"சரி. என் கடைக் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல."

"அழிச்சுட்டேன் அக்கா."

"பென் டிரைவு?"

"ஆத்துல."

"எந்த ஆத்துல?" என்றான் பாண்டி, என்னவோ அது முக்கியம் என்பதுபோல.

செல்வின் அண்ணன் கொட்டகைக் கூரையைப் பார்த்து, "ஏசப்பா, இவனை எனக்கு எதுக்குக் குடுத்த?" என்றார். ஜெயந்தி அக்கா மேஜையிலிருந்த கட்டம்போட்ட நோட்டை எடுத்து மூடினார். அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

"லாரி எங்க நிக்கும்?" என்று கேட்டவர் நிவேதா மேடம்தான். கூடலூரில் ஒரு டீக்கடையில் நிற்காமல் அந்த டிரைவர் மலை ஏறமாட்டான் என்றான் பாண்டி. அவர் காரில் எல்லாரும் ஏறினோம். நாயும் ஏறியது, யாரும் கூப்பிடவில்லை. கம்பம் தாண்டி இருபக்கமும் பந்தல்கள் மழையில் கரைந்துகொண்டிருந்தன. முன்னால் மலை தெரியவில்லை, வெறும் வெள்ளை. நாங்கள் எல்லாரும் படகில் போகிறோம், அக்கரையில் விட்டுவிடுவார்கள், யாரும் என்னைத் திட்டமாட்டார்கள் என்று ஒரு நிமிடம் சுகமாக நினைத்துக்கொண்டேன். பாண்டி என் காலை மிதித்தான்.

லாரி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கையில் டீ. நான் போய் "பொட்டியெல்லாம் தொறந்து பாக்கணும்" என்றதும் அவன் டீயைக் கீழே வைத்தான்.

"என்னய்யா வச்சு அனுப்புனீக? பார்டர்ல என்னையப் பிடிச்சு உள்ள போடுறதுக்கா?"

"கேசட்டுப்பா."

"என்ன கேசட்டு?"

"டிவி கேம் கேசட்டு."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஜீப் ஸ்டாண்டைப் பார்த்துக் கத்தினான்: "ஏலே, இங்கன வாங்கடா, ஒரு ஆளைக் காட்டுறேன்!"

ஜீப் டிரைவர்கள் சூழ்ந்துகொள்ள, மழையில் லாரிமேல் ஏறி ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தேன். பத்தொன்பதாவது பெட்டியைத் திறக்கும்போது வழுக்கி, இருபதாவது பெட்டிக்குள் உட்கார்ந்தேன். முழுமையாக உட்கார்ந்தேன். என் அடியில் பன்னீர்த் திராட்சை நசுங்க, அதற்கும் அடியில் கெட்டியாக ஏதோ குத்தியது. கேசட்! ஐம்பது வயதுக்காரன் ஒருவன் திராட்சைக்குள் உட்கார்ந்தபடி கேசட்டைத் தூக்கிக் காட்டியதை எத்தனை பேர் போனில் படம் எடுத்தார்கள் என்று தெரியாது.

ஜெயந்தி அக்கா மட்டும் மறக்காமல் மிஷினை மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். டீக்கடை டிவியில் மாட்டினோம். கேசட்டைச் சொருகினோம். கறுப்பு. என் பனியனால் துடைத்து, ஊதிச் சொருகினோம். கோடு கோடாக வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மேடம் போனை உயர்த்திப் பிடித்தபடியே நின்றார். அக்காவின் பையில் ஒரு பென்சில் ரப்பர் இருந்தது. எழுத்துகளுக்காக அவர் அழித்து அழித்துத் தேய்ந்த ரப்பர். அதை வாங்கி, கேசட்டின் செம்புப் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். கை நடுங்கவில்லை. அந்த ஒரு வேலையில் மட்டும் என் கை நடுங்காது.

மூன்றாம் முறை, ஏரி வந்தது. பனி வந்தது. படகு மெல்ல நெருங்கியது. படகுக்காரன், ஜெயந்தி அக்கா எழுதிக்கொடுத்த முதல் வரியைச் சொன்னான்:

"ஏறுங்க. அக்கரையில யாரு காத்திருக்காக?"

ஒரு ஜீப் டிரைவர், "ஏலே, இவன் நம்ம ஊர்க்காரன்டா!" என்றான். இன்னொரு பெரியவர் கிளாசைப் பிடித்தபடி, டிவிக்குப் பதில் சொல்லுகிற மாதிரி, "எனக்கு யாரு இருக்கா, போ" என்றார். குமுளி மலையிலிருந்து இறங்கிய நிஜமான பனி கடைக்குள் வந்து எங்கள் முழங்காலைத் தொட்டது. மேடம் அத்தனையையும் படமெடுத்தார், பெரியவரின் பதிலோடு சேர்த்து.

தமிழ் பட்டியலில் ஏறியது. கேமும் வெளிவந்துவிட்டது. முடிவில் ஓடுகிற பெயர்களில் எங்கள் நாலு பேருடைய பெயரும் இருக்கிறது. என் வீட்டில் நான் டிவி போட்டால், என் மனைவி சமையலறையிலிருந்தே "என்னங்க, கிளி வந்துருச்சா?" என்பாள். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் இதைச் சொல்லிவிட்டாள். அவர்களுக்கு எங்களைப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம் என்கிறாள்.

ஒன்றுதான் பாக்கி. அக்காவின் தமிழைக் கம்பெனி சும்மா எடுத்துக்கொள்ளக்கூடாதாம், சட்டப்படி ஒரு தொகை கொடுத்தால்தான் ஒப்பந்தம் செல்லுமாம். நூறு ரூபாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த நூறு ரூபாய் வரவில்லை. கேட்டால், எங்கள் கூட்டத்துக்குப் பதிவெண் வேண்டும் என்றார்கள். கொடுத்தோம். படிவம் மாறிவிட்டது என்றார்கள். மாசம் பிறந்தால் மகளைத் தட்டச்சச் சொல்லி நான் ஒரு மெயில் அனுப்புகிறேன். முதலில் 'தயவுசெய்து' என்று ஆரம்பித்தேன். இப்போது 'இதனால் தங்களுக்கு அறிவிப்பது' என்று ஆரம்பிக்கிறேன். "நோட்டீஸ் வரும்னு நடுங்குன பய, இன்னைக்கு அம்புட்டுப் பெரிய கம்பெனிக்கு நோட்டீஸ் விடுறான்" என்கிறார் செல்வின் அண்ணன்.

போன வாரம் ஒரு பதில் வந்தது. கணக்கைச் சரிபார்த்துவிட்டார்களாம். வரிப் பிடித்தம் போக எங்களுக்கு வரவேண்டியது தொண்ணூறு ரூபாய்.