இரண்டு சொட்டு உபதேசியார்

உபதேசியார்களில் பல வகை உண்டு. சர்க்கரைக்கு வெந்தயம் சொல்பவர், வழுக்கைக்கு வெங்காயச் சாறு சொல்பவர், மூட்டுவலிக்கு முடக்கத்தான் சொல்பவர் என்று எத்தனையோ பேரை நீங்களும் நானும் சகித்துக்கொண்டு காலத்தைத் தள்ளியிருக்கிறோம். இப்போது புதிதாக ஒரு வகை கிளம்பியிருக்கிறது. சட்டைப் பையில் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி இருக்கும். அதன் மூடியில் ஒரு ரப்பர் குமிழ். உங்களைப் பார்த்ததும் அவர் கை தானாகப் பைக்குப் போகும். "தினமும் ரெண்டே சொட்டு" என்பார். அவர்தான் இரண்டு சொட்டு உபதேசியார்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். மற்றவர்கள் உங்கள் கண்ணைப் பார்த்துப் பேசுவார்கள். இவர் உங்கள் கன்னத்தைப் பார்த்துப் பேசுவார். நீங்கள் பையனுக்கு வேலை கிடைத்த சந்தோஷச் செய்தியைச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள், அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, நாக்கால் ஒரு "ச்சு" கொட்டி, "நல்லாத் தூங்கறீங்களா?" என்று கேட்பார். தூங்குகிறேன் என்பீர்கள். "அப்ப ஈரப்பதம்தான்" என்பார். தீர்ந்தது. பையனின் வேலை போன இடம் தெரியாது.

அந்தப் புட்டியில் இருப்பது ஹைலுரானிக் ஆசிட். முகத்தில் ஆசிடா என்று நீங்கள் அலறத்தான் போகிறீர்கள், அதற்காகவே அவர் காத்திருக்கிறார். "பேருதானுங்க ஆசிட், குணம் தங்கம்" என்பார். அது நம் தோலுக்குள்ளேயே இருக்கிற சரக்காம், வயது ஏற ஏறக் குறைகிறதாம், தன் எடையைப்போல ஆயிரம் மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம், தினமும் காலையிலும் இரவிலும் விடாமல் போட்டால் சுருக்கம் தெரியாதாம், தோல் பஞ்சாக இருக்குமாம், ஒருநாள் விட்டாலும் முகம் கோபித்துக்கொள்ளுமாம். ஆயிரம் மடங்கு என்றால் கோடைக்கு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் நாலு சொட்டு விட்டு வைக்கலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இந்த வகையினர் சிரித்தால் கோடு விழும் என்று சிரிப்பதில்லை.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், எனக்குத் தெரிந்த உபதேசியார் குன்னூரில் இருக்கிறார். குன்னூர் எப்படிப்பட்ட ஊர் தெரியுமல்லவா? துவைத்த போர்வை காய ஒரு வாரம் ஆகும். பீரோவில் வைத்த கல்யாணக் கோட்டில் பூசணம் பிடிக்கும். உப்பு ஜாடியைக் கவிழ்த்தால் உப்பு கட்டியாக நிற்கும். இப்படி ஒரு ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் ஈரம் போதவில்லை என்கிறார். ஜனவரிப் பனியில் உதடு வெடிக்கிறது, கன்னம் வறள்கிறது, அதெல்லாம் நியாயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடைமழையிலுமா?

அவர்தான் எங்கள் பக்கத்து வீட்டுச் சில்வஸ்டர் சார், இந்த இனத்தின் உயர்ந்த ரகம். எஸ்டேட் ஆபீசில் தலைமைக் கிளார்க். ஆள் நல்லவர், மாதா கோவில் பாட்டுக்குழுவில் கணீரென்று பாடுவார், யார் வீட்டில் எது என்றாலும் முதலில் வந்து நிற்பார். அந்தப் புட்டி மட்டும் இல்லையென்றால் குறை சொல்ல இடமே இல்லை. ஒருமுறை கொட்டுகிற மழையில் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக்கொண்டு பறித்த தேயிலையை எடை போட வரிசையில் நின்ற தோட்டத் தொழிலாளி கருப்பம்மாவிடம் போய், உன் தோலில் ஈரமே இல்லை என்று சொல்லியிருக்கிறார். கருப்பம்மா சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. "இதுக்கு மேலயுங்களா?" என்றாள்.

ஈரமான முகத்தில்தான் அந்தச் சொட்டைப் போட வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்காகக் கோட்டுப் பையில் பன்னீர் நிரப்பிய ஸ்ப்ரே பாட்டில் ஒன்றும் வைத்திருப்பார். பஸ்ஸில் அடித்துக்கொள்வார், முன்சீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். எங்கள் தெருக்கோடிப் பெரியவர் இறந்தபோது கல்லறைத் தோட்டத்தில் காற்று கத்தியாக வீசியது. சார் ஓரமாகத் திரும்பி முகத்தில் இரண்டு தடவை பன்னீர் அடித்துக்கொண்டு திரும்பினார். முகமெல்லாம் நீர் வழிய நின்ற அவரைப் பார்த்து இறந்தவரின் மகன் ஓடிவந்து கட்டிக்கொண்டு கதறிவிட்டான். சொந்தக்காரர்களே இப்படி அழவில்லை சார் என்றான். சார் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார். பிறகு அவன் காதோரம் குனிந்து, "அழுத முகம் ஈரமா இருக்குது பாருங்க, இப்பவே ரெண்டு சொட்டுப் போட்டா நல்லாப் புடிக்கும்" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். என் காதாலேயே கேட்டேன்.

இப்படிப்பட்டவரின் மகளைத்தான் பெண் கேட்டு வந்தார்கள்.

மகள் ஆஷ்லி நர்ஸ். பையன் டெனின், கோத்தகிரிக் குடும்பம், வேலை மஞ்சூரில், அங்கே குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறான். ஒருவருக்கொருவர் பிடித்துப்போய் இரண்டு வருஷமாகக் காத்திருந்தார்கள். பெண் வீடு ஆர்.சி. கத்தோலிக்கம், பையன் வீடு சி.எஸ்.ஐ. புராட்டஸ்டன்ட். அந்த ஒரு காரணத்துக்காக இரண்டு பக்கமும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்து, ஒருவழியாகப் பையனின் அம்மா தபித்தாள் டீச்சர் மனம் இரங்கி நேரில் வந்து பேசச் சம்மதித்தார். இந்த நாள் கெட்டால் இன்னொரு நாள் வராது என்பது ஆஷ்லிக்குத் தெரியும். அந்தப் பெண் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

சாரின் மனைவி சகாயமேரி அக்கா விவரமானவர். முந்தின நாளே புட்டியைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டார். "நாளைக்கு நீங்க வாயைத் தொறக்கறது காபி குடிக்க மட்டுந்தான்" என்று வேளாங்கண்ணி மாதா படத்துக்கு முன்னால் சத்தியமும் வாங்கிக்கொண்டார். என்னைக் கூப்பிட்டுச் சாருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். அவர் யார் கன்னத்தையாவது உற்றுப் பார்த்தால் தொடையில் கிள்ள வேண்டும், அதுதான் என் உத்தியோகம்.

வந்தார்கள். ஊட்டி வர்க்கி பிஸ்கட்டும் காபியும் வந்தன. நம்பமாட்டீர்கள், இரண்டு வருஷம் இழுத்த சமாச்சாரம் வர்க்கி தீர்வதற்குள் முடிந்துவிட்டது. கல்யாணம் பெண் வீட்டுக் கோவிலில், வரவேற்பில் பையன் வீட்டுப் போதகர் ஜெபம், பிறக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பிறந்த பிறகு பேசிக்கொள்ளலாம். சார் வாயைத் திறக்கவே இல்லை. நான் கிள்ளவே இல்லை. ஆஷ்லி முதல் தடவையாக ஒரு வர்க்கித் துண்டை எடுத்து வாயில் வைத்தாள்.

அப்போது தபித்தாள் டீச்சர் சாரின் முகத்தை உற்றுப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். என் கை சாரின் தொடைப்பக்கம் போனது.

"சாருக்கு இந்த வயசுலயும் முகம் என்ன பளபளப்பு. ஹைலுரானிக்குங்களா?"

சார் மாதா படத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை என்று எங்களுக்குக் கண்ணாலேயே விளக்கிவிட்டு ஆரம்பித்தார். டீச்சரும் மூன்று வருஷமாகத் தினமும் போடுகிறாராம். அவரும் அதே ஆயிரம் மடங்கைச் சொன்னார், இவரும் சொன்னார், இரண்டு பேரும் ஒரே ஊரில் பிறந்து ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மாதிரி உருகினார்கள். சகாயமேரி அக்கா எனக்கு இன்னொரு காபி ஊற்றினார். இனி என்ன, சம்பந்தம் ஆண்டவரே போட்டு வைத்தது என்று நானும் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"காலையில எந்திரிச்சதும் முகத்தை நல்லா நனைச்சுக்குவேன் டீச்சர்" என்றார் சார்.

"நனைச்சுட்டு நல்லாத் துடைச்சிருவீங்கல்ல?" என்றார் டீச்சர்.

"துடைக்கறதா?"

"பின்ன ஈரத்துலயா போடறீங்க?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காபி டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

டீச்சர் அறிவியல் டீச்சர். நனைந்த பஞ்சு இன்னும் எதை உறிஞ்சும், காய்ந்த பஞ்சுதான் உறிஞ்சும் என்றார். காய்ந்த தோலில் போட்டால் அது தண்ணீர் கிடைக்காமல் உள்ளே இருப்பதையே உறிஞ்சிவிடும் என்றார் சார். யார் சொன்னது என்றார் டீச்சர். டாக்டர் வீடியோவில் சொன்னார் என்றார் சார். எந்த டாக்டர், பல் டாக்டரா என்றார் டீச்சர். நான் கிள்ளினேன். சாருக்கு உறைக்கவே இல்லை.

"எங்க ஊட்டுக்கு வர்ற பொண்ணு எங்க முறைப்படி துடைச்சுட்டுத்தான் போடோணும். நான் அதுல கண்டிப்பு" என்றார் டீச்சர்.

சார் எழுந்து நின்றார். "டீச்சர், என் பொண்ணை எந்தக் கோவிலுக்கு வேணும்னாலும் அனுப்பறேன். முகத்தைத் துடைக்க மட்டும் அனுப்ப மாட்டேன்."

ஆஷ்லி வாயில் வைத்த வர்க்கியை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. பாவமாக இருந்தது. போப்பாண்டவர் பெயரைச் சொல்லிப் பிரிந்திருந்தாலாவது ஒரு கௌரவம் இருந்திருக்கும்.

சமாதானத்துக்காக ஒரு பரீட்சை வைப்பது என்று முடிவானது. யார் முகத்தில் என்று கேட்கிறீர்களா? எங்கே போனாலும் என் முகம்தான் ராசி. அரிசி டிரம்மிலிருந்து புட்டி வெளியே வந்தது. இடது கன்னத்தில் சார் பன்னீர் அடித்து இரண்டு சொட்டு, கூடவே ஒட்டிக்கொண்டு வந்த ஒரு அரிசி. வலது கன்னத்தை டீச்சர் தன் கைக்குட்டையால் தோல் உரியத் துடைத்து, கைப்பையிலிருந்து தன் புட்டியை எடுத்து இரண்டு சொட்டு. அரை மணி நேரம் அசையக்கூடாது, சிரிக்கக்கூடாது, வர்க்கி தின்னக்கூடாது. நான் சிலையாக உட்கார்ந்திருந்தேன். இரண்டு குடும்பமும் சுற்றி உட்கார்ந்து, ஒரு கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று என் கன்னங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

யாரோ ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அரை மணி முடிவதற்குள் மூடுபனி உள்ளே வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பனி வந்தால் ஓரமாக நிற்காது, சோபாவில் உட்காரும். போன் டார்ச்சை அடித்துப் பார்த்தபோது என் இரண்டு கன்னமும் ஒன்றுபோலச் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. இடதுதான் ஜெயித்தது என்றார் சார். வலதுதான் என்றார் டீச்சர். "முகம் உங்களுது, நீங்களே சொல்லிருங்க" என்று இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இடது என்றால் டீச்சர் எழுந்து போய்விடுவார், வலது என்றால் சார் வாசல் கதவைத் திறந்துவிடுவார். ஆஷ்லியின் கண் நிரம்பிவிட்டது. நான் இடது கன்னத்தில் ஒட்டியிருந்த அரிசியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெனின் மெதுவாகக் கேட்டான். "ஏனுங்க, இதெல்லாம் கட்டாயம் போடோணுங்களா? நான் மூஞ்சிக்கு ஒண்ணும் போடறதில்லீங்களே."

டீச்சர் திரும்பினார். "மாசாமாசம் மஞ்சூருக்கு வாங்கி அனுப்பறனே, அது?"

"அது பைக் செயினுக்கு நல்லா இருக்குதுங்கம்மா."

"மூஞ்சியை எதுலடா கழுவற?"

"கையில கெடைக்கற சோப்புலதான். துணி சோப்பு இருந்தா அது."

டீச்சர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். சார் சிலுவை போட்டுக்கொண்டார். இவ்வளவு நேரம் ஒருவரையொருவர் கடித்துக் குதறப் பார்த்த இரண்டு பேரும் அந்தக் கணத்தில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஈரக் கட்சியும் உலர்ந்த கட்சியும் எல்லாம் விசுவாசிகளுக்குள் உள்ள சில்லறைச் சண்டை. இதோ எதிரே ஒரு அவிசுவாசி, இருபத்தெட்டு வயதில், துணி சோப்போடு.

"பையனை இப்படியே விட்டரக்கூடாது டீச்சர்" என்றார் சார்.

"கல்யாணத்தைச் சீக்கிரம் வெச்சிருவோம் சார். ஆஷ்லி பக்கத்துல இருந்து பாத்துக்கட்டும்."

"ஈரமோ காய்ஞ்சதோ, மொதல்ல பையன் ஆரம்பிக்கட்டும்."

"காலையில உங்க முறை, ராத்திரி எங்க முறை."

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். ஆஷ்லி வர்க்கியை விழுங்கினாள். சகாயமேரி அக்கா அடுப்படிக்குள் போய்ச் சத்தமில்லாமல் அழுதுவிட்டு வந்தார். சார் அக்காவின் ஈர முகத்தைப் பார்த்துவிட்டுப் புட்டியைத் தேடினார்.

வழியனுப்ப வாசலுக்குப் போனபோது டெனினை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். பனியில் அவன் முகம் பளிங்கு மாதிரி மின்னியது. துணி சோப்பு முகமா இது? உண்மையைச் சொல் என்றேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"பொய்தானுங்க. அம்மா அனுப்பறதை ரெண்டு நேரமும் தவறாம போடறேன். ஆஷ்லிகிட்டகூட இன்னும் சொல்லலீங்க."

கெட்டிக்காரப் பையன். ஒரு குடும்பத்தை அல்ல, இரண்டு குடும்பத்தைக் கரையேற்றியவன். தோளில் தட்டிக்கொடுத்து, நன்றாக இரு என்று வாழ்த்தி அனுப்பியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அவன் கன்னத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"ஈரத்துலயா, துடைச்சுட்டா?"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். பிறகு குனிந்து என் காதில் பதிலைச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவன் என்ன சொன்னான் என்று நான் எழுதப்போவதில்லை. அது தெரியாமல் உங்களால் இந்தப் பக்கத்தை மூடிவைக்க முடிந்தால் நீங்கள் பிழைத்தீர்கள். முடியவில்லை என்றால் உங்கள் சட்டைப் பைக்கும் ஒரு புட்டி வந்துவிட்டது என்று அர்த்தம், எந்தப் புட்டி, எங்கே வாங்கியது என்று நான் கேட்காமலேயே நீங்களே வந்து சொல்லுவீர்கள்.