மேனேஜர் பேசறேன்

பொறுமைக்கு விலையே கிடையாது என்பது பழங்காலப் பேச்சு. மணிலாவில் உண்டு: மணிக்கு நூற்றிருபது பெசோ. திட்டு வாங்கும் பயிற்சி இலவசம்.

அந்த விலைக்கு ஒன்பது ஆண்டுகளாகப் பொறுமை விற்றவள் லிகாயா. ஆஸ்திரேலியாவில் யார் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் நின்றாலும், வசவு கடல் தாண்டி அவள் அலுவலகத்துத் தொலைபேசிக்குத்தான் வரும். "உன் மேனேஜரைக் கூப்பிடு!" என்று எவனாவது கத்தினால், பக்கத்து இருக்கை நெனித்தா அழைப்பை இவளுக்குத் தள்ளிவிடுவாள். இவள் குரலைத் தாழ்த்தி, "மேனேஜர் பேசறேன், சார்" என்பாள். நிஜ மேலாளர் ஆர்டெமியோ அப்போது 'உயர்மட்ட ஆலோசனை'யில் இருப்பார். எப்போதுமே இருப்பார்.

ஒரு திங்கட்கிழமை அவர் கேக் வெட்டி அறிவித்தார்: "செயற்கை அறிவு வந்தாச்சு! உங்க நாப்பத்தொரு பேர் வேலையையும் அது ஒண்ணே பாத்துக்கும். ஒரே ஒரு ஆளை வெச்சுக்குவோம். யாருன்னு அதுவே சொல்லும். எல்லாருக்கும் வாழ்த்துகள்!"

லிகாயா கேக்கைத் தொடவில்லை. வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

"கை தட்டுக்கா," என்றாள் நெனித்தா. "அழறதுன்னாலும் தட்டிக்கிட்டே அழு. கேமரா பாக்குது."

ஒன்பது ஆண்டு அழைப்புகளின் ஒலிப்பதிவுகளை இயந்திரம் மூன்றே நாளில் கரைத்துக் குடித்தது. நான்காம் நாள் அறிவார்ந்த தீர்ப்பு வந்தது: 'மேலாளர் லிகாயா தொடரலாம். ஆர்டெமியோ என்றொருவர் வேலை செய்ததற்குப் பதிவு எதுவும் இல்லை.'

"நான்தான்யா மேனேஜர்!" என்று திரையைப் பார்த்து அலறினார் ஆர்டெமியோ.

"உங்க வருத்தம் நல்லாப் புரியுது, சார்," என்றது இயந்திரம், அச்சாக நெனித்தாவின் குழைவோடு. "இருங்க, மேனேஜருக்குக் குடுக்கறேன்."

லிகாயாவின் மேசையில் மணி அடித்தது. அவள் எடுத்தாள்.

"மேனேஜர் பேசறேன், சார்."

நாற்பது பேரும் ஆர்டெமியோவும் வெளியேறினார்கள். லிகாயாவுக்குத் தனியறை கிடைத்தது. சம்பளம் மட்டும் பழையது. விஞ்ஞானத்தின் மகிமையே மகிமை! அழைப்பை இயந்திரம் எடுக்கும். வாடிக்கையாளர் கொதித்ததும் இவளிடம் தள்ளும். இவள் கெஞ்சிக் குளிரவைத்ததும், 'எங்கள் இயந்திரத்தின் சேவை எப்படி?' என்று அவருக்குச் செய்தி போகும்.

மாதக் கடைசியில் தலைமை அலுவலகம் பெருமையோடு வெளியிட்ட கணக்கு:

பாராட்டு, இயந்திரத்தின் பெயரில்: 3,218.
வசவு, லிகாயாவின் பெயரில்: 3,218.
கணக்கு நேர்.