எஃப்.சி.க்குப் பயந்த கார்

ஒரு காட்டில், ஓடை தாண்டி இரண்டாவது வளைவில், மாசிலாமணி என்றொரு கரடி இருந்தது. அதனிடம் இருபத்திரண்டு வயதான வாடகைக் கார் ஒன்றும் இருந்தது. அது ஓடினால்தான் கரடி வீட்டில் அடுப்பு எரியும். வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. என்ற தகுதிச் சான்றிதழ் வாங்கினால்தான் அது ஓடலாம்.

எஃப்.சி. நெருங்கினாலே காருக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்கும். ஹாரனை அழுத்தினால் ஹெட்லைட் அழுதுவடியும். போன வருஷமும் இதே கூத்து, அதற்கு முந்தின வருஷமும் இதே கூத்து.

மெக்கானிக் குரங்கு சொக்கன் பேட்டரியை மாற்றியது. ஃப்யூஸை மாற்றியது. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியது. பிறகு வாலால் தலையைச் சொறிந்தபடி தீர்ப்புச் சொன்னது.

"வண்டிக்குப் பரீட்சை பயம், அண்ணாச்சி."

நாளை மறுநாள் எஃப்.சி. கிடைக்காவிட்டால் காரைக் காயலான் கடைக்குத்தான் தள்ள வேண்டும். வேறு தொழில் கரடிக்குத் தெரியாது.

அப்போது பிழைப்புத் தேடி வந்த நல்லமுத்து என்ற எலி பானட்டுக்குள் தலையை விட்டது.

"எஃப்.சி.க்குன்னு வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறீங்களா?"

"பின்னே? உள்ளே வெளியே ரெண்டு கோட்டு. நானே அடிப்பேன்," என்றது கரடி பெருமையாக.

"எர்த் ஒயரைக் கழட்டி அதுக்கு அடியிலயும் பெயிண்ட் அடிச்சு முடுக்கியிருக்கீங்க. இரும்பும் இரும்பும் தொட்டாத்தானே கரண்ட் திரும்பும்? ரெண்டு மாசத்துல பெயிண்ட் தேய்ஞ்சா தானா சரியாயிடுது."

எலி போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் ரூபாய்க் காசளவு இடத்தைச் சுரண்டி, திரும்ப முடுக்கியது. அத்தனை விளக்கும் பளிச்சென்று எரிந்தன. கரடிக்குக் கண் கலங்கிவிட்டது.

சொக்கன் மட்டும் குனிந்து பார்த்தது. "பத்தே நிமிஷத்துல இவனுக்கு எப்படித் தெரிஞ்சது? எலிக்கும் ஒயருக்கும் என்ன உறவுன்னு காட்டுக்கே தெரியும். புதுப் பெயிண்டை வேற பிறாண்டி வச்சிருக்கான் பாருங்க."

கரடி பார்த்தது. பார்க்கப் பார்க்க அந்த வடு கண்ணை உறுத்தியது. எலியைத் துரத்திவிட்டு, ஒயரைக் கழற்றி, அந்த இடத்துக்கு மட்டும் மூன்று கோட்டு அடித்து, திரும்ப முடுக்கியது.

எஃப்.சி. வரிசைவரை எப்படியோ வந்த கார், ஆபீசர் எருமையைக் கண்டதும் படுத்துவிட்டது. விளக்கு இல்லை, ஹாரன் இல்லை. எருமை பானட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தது.

"ஒரு பிறாண்டல்கூட இல்லையே," என்றது. படிவத்தில் 'விளக்குகள்' என்ற கட்டத்தில் 'உள்ளன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது.

இன்னும் ஒரு வருஷத்துக்குக் காயலான் கடை பயமில்லை. கரடியும் குரங்கும் சான்றிதழைக் கண்ணாடியில் ஒட்டி, காரைச் சந்தோஷமாகத் தள்ளிக்கொண்டு வந்தன. வழியில் எலி நின்றது. எதையோ சொல்ல வாயைத் திறந்து, குரங்கைப் பார்த்து மூடிக்கொண்டது.

"பேட்டரியாத்தான் இருக்கும், அண்ணாச்சி," என்றபடி எலியும் ஒரு கை கொடுத்தது.

"இப்பதான் உனக்குத் தொழில் பிடிபட்டிருக்கு," என்றது கரடி. மேடு ஏறியதும் எலிக்கும் சேர்த்து டீ சொன்னது.

நீதி: எர்த் ஒயரில்தான் கோளாறு என்று தெரிந்தாலும் பேட்டரியைத்தான் சந்தேகப்பட வேண்டும். டீ அப்போதுதான் கிடைக்கும்.