உயிரோடிருந்த யானிசுக்கு ஒரு மலர்வளையம்

மொழி தெரியாதவரால் பெரிய கேடு வராது. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு முழுக்கத் தெரியும் என்று நினைப்பவரால்தான் வரும். நான் இரண்டாவது வகை. ஹனோவரில் ஜெர்மன் பரீட்சை பாசான கையோடு, எங்கள் சனத்தின் ஜெர்மனை எல்லாம் திருத்திக்கொண்டு திரிந்தேன். (ஒருவரும் கேட்கவில்லை.)

அப்போது முதியோர் இல்லமொன்றின் சமையற்கூடத்தில் எனக்குத் தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்குவது மேலாளர் இல்ஸெயின் கையில் இருந்தது. அவர் லட்வியாக்காரி. யூன் மாதம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை எங்கடை யானித் திருநாள். கோடையிலை பகல் ஆக நீண்டு கிடக்கிற காலத்தைக் கொண்டாடுறது. யானிஸ் எண்டு பேர் உள்ள ஆக்களுக்கு அண்டைக்குத் தனி மரியாதை. என்ரை மனுசனும் யானிஸ்தான். ஓக் இலையிலை வளையம் கட்டித் தலையிலை வைப்பம். குடும்பமா வாங்கோ."

எனக்கு அது போதும். மற்றவர்கள் வைன் போத்தலோடு வந்து நிற்பார்கள். நான் மட்டும் லட்வியப் பண்பாட்டைக் கரைத்துக் குடித்தவளாக, வளையத்தோடு போய் இறங்குவேன். வேலை தானாக நிரந்தரமாகும்.

வீட்டுக்குக் கிட்ட இருந்த ஒரே பூக்கடை, சேமக்காலை வாசலில் இருந்தது.

"கல்லறைக்குப் பக்கத்துக் கடையிலையோ வாங்கப் போறீர்?" என்று என் கணவர் அன்ரன் கேட்டார்.

"பூ எங்கை வாங்கினாலும் பூதான். நீங்கள் பேசாமல் நில்லுங்கோ."

ஜெர்மனில் தலையில் வைப்பதும் 'கிரான்ஸ்', சவப்பெட்டியில் வைப்பதும் 'கிரான்ஸ்'. ஓக் இலையில் நல்லதொரு கிரான்ஸ் வேண்டும் என்றேன். கடைக்காரப் பெண் குரலைத் தாழ்த்தினார்.

"ஆருக்கு?"

"யானிசுக்கு. என்ரை மேலாளற்றை கணவர்."

"என்ன வயது?"

"ஐம்பத்திரண்டு."

"இவ்வளவு இளமையிலையோ," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐம்பத்திரண்டை இளமை என்கிறாரே, நல்ல மனுசி என்று நினைத்தேன்.

"றிபனிலை வழமையானதை எழுதட்டோ?"

"ஓம். பேரைப் பெரிசாப் போடுங்கோ." (வழமையானது எது என்று கேட்டால் என் ஜெர்மனின் மானம் என்னாவது?)

சனிக்கிழமை பேப்பரில் சுற்றித் தந்தார்கள். கார்ச் சில்லு அளவு இருந்தது. அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

ஊருக்கு வெளியே அவர்களுடைய தோட்டத்தில் நாற்பது பேர் கூடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் தலையில் பூ, ஆண்கள் தலையில் ஓக் இலை. கொளுத்துவதற்கு விறகு அடுக்கியிருந்தது. நான் நேரே நடுவில் போய், பேப்பரைக் கிழித்து, வளையத்தை யானிசின் தலையில் வைத்தேன். அது வழுக்கித் தோளில் போய் நின்றது. ஊதா றிபன் விரிந்தது: 'அன்பு யானிஸ், அமைதியில் உறங்குங்கள்.'

பாட்டு நின்றது. முதியவர் ஒருவர் தன் தலையிலிருந்த வளையத்தைக் கழற்றிக் குனிந்து நின்றார். உருகிப்போய் நிற்கிறார்கள் என்று நான் பூரித்தேன். அப்போது என் பதினொரு வயது மகள் மெலனி, எல்லாருக்கும் விளங்கட்டும் என்று ஜெர்மனிலேயே சொன்னாள்: "அம்மா, இது செத்த ஆக்களுக்குப் போடுறது."

பதறிப்போய் 'மனமார்ந்த வாழ்த்துகள்' என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது 'மனமார்ந்த அனுதாபங்கள்'. (ஜெர்மனில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்.) அந்த நெருப்பிலேயே விழுந்திருப்பேன். ஆனால் அதை அப்போது இன்னும் கொளுத்தியிருக்கவில்லை.

யானிஸ் றிபனை இரண்டு தரம் வாசித்தார். "நான் செத்ததை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார். தோட்டமே சிரித்தது. அன்ரன் கூச்சமில்லாமல் சிரித்தார். இல்ஸெ மட்டும் சிரிக்கவில்லை. அதன் பிறகும் இரண்டு கிழமை சிரிக்கவில்லை.

ஆனாலும் வேலையை நிரந்தரமாக்கினார். கையெழுத்து வைத்துவிட்டு, "இனி நீங்கள் எங்களுக்குப் பரிசு தரத் தேவையில்லைத்தானே?" என்று மட்டும் கேட்டார். சமையற்கூடத்தில் இன்றுவரை என் பெயர் 'பிராவ் கிரான்ஸ்', அதாவது திருமதி மலர்வளையம்.

ஒவ்வொரு யூனிலும் யானிசிடமிருந்து ஒரு செய்தி வரும். அன்ரன் அதைச் சாப்பாட்டு மேசையில் உரத்து வாசிப்பார்:

"இந்த வருசமும் உயிரோடைதான் இருக்கிறன். வாங்கோ. வெறுங்கையோடை வாங்கோ."