உபயம்: ஆம்ப்ளிஃபயர் இரண்டு

மின்சாரத்தை மனிதனுக்கு அடங்க வைத்தது விஞ்ஞானம்; அதைத் தீர்மானத்துக்கு அடங்க வைத்த பெருமை செம்பூர் தமிழர் அமெச்சூர் வானொலிச் சங்கத்தையே சாரும்.

அச்சங்கத்தின் தொழில்நுட்பச் செயலாளர் ரெபேக்கா. கல்யாணத்துக்கு நகையே வேண்டாம், இது போதும் என்று அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கிய, பேசவும் கேட்கவும் வல்ல வானொலிப் பெட்டியை, நிலையத் திறப்பு விழாவுக்காகச் சங்கத்துக்கு இரவல் தந்திருந்தாள். இந்த ஒரு பலவீனத்தைத் தவிர அவளிடம் குறை சொல்ல ஏதுமில்லை.

அப்பெட்டியின் குரலைப் பெருக்கிக் கடல் கடக்க வைக்கும் ஆம்ப்ளிஃபயரைத் தாராவி ஹார்டுவேர் கடை ஞானதுரை வழங்கினார். ஒன்று போதும் என்று எவரும் வாய் திறப்பதற்குள், டிராம்பேயில் லாரிகள் விடும் ஏஞ்சலோ இன்னொன்றை வழங்கினார். இரண்டின் முகப்பிலும் ‘உபயம்’ பலகைகள், டேப்பால் அளந்து, ஒரே அளவில் பொருத்தப்பட்டன. அடுத்துப் ‘பாதுகாப்பு உபகுழு’ கூடியது.

“ரெண்டையும் வச்சுக்கலாம் அங்கிள்,” என்றாள் ரெபேக்கா. “ஆனா ஒரு டைம்ல ஒண்ணுதான். ஒரே ஸ்விட்ச். அதைத் திருப்பினா ஆன்டெனாவும், ரேடியோவுல இருந்து வர்ற மைக் லைனும் சேர்ந்தே ஒரு ஆம்ப்ளிஃபயருக்குப் போகணும். ஆன்டெனா ஒண்ணுக்கும் மைக் லைன் இன்னொண்ணுக்கும் போச்சுன்னா, பவர் வெளிய போக வழியில்லாம உள்ளயே வெந்துரும். என் ரேடியோவும் கூடப் போயிரும்.”

“ஸ்விட்சுல நம்பர் போடுவியா பிள்ள?” என்று கேட்டார் ஞானதுரை.

“ஆமா. ஒண்ணு, ரெண்டு.”

“அந்த ரெண்டு யாரு?”

“அப்ப நான்தான் ரெண்டுங்கியளா அண்ணாச்சி?” என்று எழுந்தார் ஏஞ்சலோ.

தேநீர் வரவழைக்கப்பட்டது. தலைவர் மகேஷ்குமார், மாட்டுங்காவின் அமைதியான தெருக்களில் வாழ்ந்து பழகிய நிதானத்துடன், இரு பக்கமும் ‘1’ என்றே எழுதலாம் என்று தீர்ப்பளித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

“டீக் ஹை, சரி. திருப்புறது யாரு?” என்றாள் ரெபேக்கா. கேட்டிருக்கக்கூடாது.

ஒற்றை ஸ்விட்ச் சமத்துவத்துக்கு விரோதமானது என்று உபகுழு கண்டறிந்தது. அது இரண்டாகப் பிரிக்கப்பட்டது: ஆன்டெனா ஸ்விட்ச் ஞானதுரைக்கு, மைக் லைன் ஸ்விட்ச் ஏஞ்சலோவுக்கு. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ரெபேக்காவின் எதிர்ப்பு ‘இருமல்’ எனக் குறிக்கப்பட்டது.

விழாவன்று அவள் இருவரையும் தனியே அழைத்துக் கெஞ்சினாள். “ரெண்டு பேரும் இடது பக்கமே திருப்புங்க அங்கிள், ப்ளீஸ்.”

“இடது பக்கம் யாரோட ஆம்ப்ளிஃபயர்?” என்றார் ஏஞ்சலோ.

“ஞானதுரை அங்கிளோடது.”

“அவரு பெட்டிப் பக்கமா நான் ஏன் திருப்பணும்? ஊர் சிரிக்காதா?”

நாதஸ்வரம் முழங்கியது. கொடையாளர் இருவரும் ஒரே கணத்தில், அவரவர் பலகை இருந்த பக்கமாகத் தத்தம் ஸ்விட்சைத் திருப்பினர்.

“சார், மைக்கை அழுத்தாதீங்க!” என்று கத்தினாள் ரெபேக்கா.

கைக்கு வந்த மைக்கை அழுத்தாமல் விட்ட தலைவரை எந்தச் சங்கமும் இதுவரை கண்டதில்லை. “பேரன்பும்...” என்று தொடங்கினார் மகேஷ்குமார். ‘பெருமதிப்பும்’ வருமுன் கருகல் வாடை வந்தது. ரெபேக்கா பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். ஏஞ்சலோவின் ஆம்ப்ளிஃபயர், புதிதாக வெள்ளையடித்த சுவரில் கூரைவரை கரி பூசிவிட்டு ஓய்ந்தது. அதுவும் நிகழ்ச்சி நிரலில் உள்ளது என்றெண்ணிய அவையோர் கரவொலி எழுப்பினர்.

ரெபேக்கா தன் வானொலியைத் தனியே இணைத்துப் பார்த்தாள். கரகரத்தது, உயிர் இருந்தது. கழற்றித் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அங்கேயே அமைக்கப்பட்ட விசாரணைக் குழு அங்கேயே முடிவும் கண்டது. உபயப் பலகை உள்ள எப்பொருளிலும் குறையிருக்க நியாயமில்லை. அறையில் பலகை இல்லாத பொருள் ரெபேக்காவின் வானொலி மட்டுமே. ஆகவே குற்றம் அதனுடையது.

ரெபேக்கா மறுக்கவில்லை. “சரி அங்கிள். சுவருக்கும் ஒரு பலகை அடிச்சிரலாம். ‘இப்புகை உபயம்’னு. யாரு பேரை மொதல்ல போட?”

அவையில் அபூர்வமானதொரு பணிவு பரவியது.

“ஏஞ்சலோ தம்பி பேரையே போடு பிள்ள. நமக்கு எதுக்கு வெளம்பரம்?” என்றார் ஞானதுரை.

“ஐயோ, பெரியவங்க நீங்க இருக்கயில நான் முந்தலாமா அண்ணாச்சி?” என்றார் ஏஞ்சலோ.

சங்கத்தின் வரலாற்றில் இரண்டாம் இடத்துக்குப் போட்டி நடந்தது அன்றுதான்.